இரண்டரை லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் ஓர் ஆர்.எஸ்.

திருப்பூரில் அந்த வீட்டு வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறரை மணி. எட்டு மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றேதான் முன்னதாகப் போனேன். போர்ட்டிகோவில் நின்றிருந்த கறுப்பு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரின் பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. மார்கழிப் பனி கையில் ஒட்டியது. அதற்காகத்தான் அந்த நேரத்தில் போயிருந்தேன்.

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினின் முதல் பத்து நொடிச் சத்தத்தை. நாம் போவதற்குள் யாராவது ஸ்டார்ட் செய்து ஒரு ரவுண்டு போய்வந்துவிட்டால், டாப்பெட் சத்தம், செயின் சத்தம், சைலன்சரிலிருந்து வரும் முதல் புகை எல்லாம் அடங்கிப் போயிருக்கும். அன்று சாவியைத் திருப்பியதும் எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய கடகடப்பு எழுந்தது. இரண்டு நொடியில் அடங்கியது. புகை இல்லை. மீட்டரில் 78,400 கிலோமீட்டர். வருடம் 2012.

வண்டியின் சொந்தக்காரர் பின்னலாடை ஏற்றுமதி செய்பவர். அவர் சொன்ன விவரங்களைவிட அவருடைய டிரைவர் சொன்ன ஒரு வரிதான் எனக்கு உதவியது. “அப்பப்ப மெட்ராஸ் போயிட்டு வருவாருங்க. வந்ததும் நேரா வாசல்ல நிறுத்தி ஆஃப் பண்ணிருவாரு.” டர்போ வண்டியை அறிந்தவர்களுக்கு அந்த வரியின் கனம் தெரியும். நெடுஞ்சாலையில் பல மணி நேரம் ஓடிப் பழுக்கக் காய்ந்த டர்போவுக்குள் இருக்கும் ஆயில், எஞ்சினை உடனே அணைத்தால் ஓட்டம் நின்று அங்கேயே வெந்துபோகும். வெந்த ஆயில் கரியாகும், கரி பிசுக்காகும், பிசுக்கு எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்திருந்தால் இந்தக் கதை இல்லை.

பேரம் பேசி 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு முடித்தேன். 2004இல் இந்தியாவுக்கு வந்தபோது ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய்க்கு விற்ற வண்டி அது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் பழைய ஸ்போர்ட்ஸ் செடான் வாங்குகிற பலர் ஏமாறுகிறார்கள். காரின் விலை இறங்கிவிடுகிறது. ஆனால் அதன் கிளட்ச், டேம்பர், டர்போ, பிரேக் டிஸ்க் எதற்கும் விலை இறங்குவதில்லை. மூன்று லட்ச ரூபாய்க்கு வாங்கினாலும் 15 லட்ச ரூபாய் வண்டிக்கு உரிய செலவைத்தான் அது கேட்கும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் ஒரு வருடத்துக்குள் விற்றுவிடுவார்கள். அடுத்து வாங்குபவர் அவர்கள் தள்ளிப்போட்ட வேலைகளையும் சேர்த்து வாங்குவார். அப்படி நான்கைந்து கை மாறிச் சீரழிந்த ஆர்.எஸ். கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

குடும்பத்தோடு போக இடம் உள்ள, ஓட்டுபவருக்கும் சந்தோஷம் தருகிற கார் என்ற எண்ணம் உலகில் வலுப்பெற்றது 1960களில். இத்தாலியில் ஆல்ஃபா ரோமியோ ஜூலியா 1962இல் வந்தது. இங்கிலாந்தில் 1963இல் லோட்டஸ் கார்டினா வந்தது. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. தன் 1500 செடானை 1961 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டியது. நம் ஊரில் அந்த ஆசைக்கு வெகுகாலம் கடையில் மருந்தே இல்லை. சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு ஃபியட்டையும் அம்பாசடரையும் பட்டறையில் பிரித்து மேய்ந்துதான் வேகம் சேர்த்தார்கள். 2000இல் 106 குதிரைத்திறனோடு ஹோண்டா சிட்டி விடெக் வந்தபோது கல்லூரி விடுதிகளில் அதைப் பற்றிப் பேசாத ராத்திரி கிடையாது.

அடுத்து வந்தது ஆக்டேவியா ஆர்.எஸ். ராலி ஸ்போர்ட் என்பதன் சுருக்கம் அது. 1999 முதல் உலக ராலிப் பந்தயங்களில் ஆக்டேவியா ஓடியதன் நினைவு. செக் நாட்டின் ம்லாடா போலஸ்லாவில் வடிவமைக்கப்பட்டு, மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே ஷேந்திராவில் பூட்டப்பட்ட கார். 1,781 சிசி, நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வால்வு, மேலே ஒரு டர்போ. ஐரோப்பாவில் 180 குதிரைத்திறன், இங்கே 150. எண் குறைவுதான். ஆனால் 1,750 சுற்றிலேயே 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வந்துவிடும். ஐந்தாவது கியரில், 80 கிலோமீட்டர் வேகத்தில் லாரியின் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது, கியரைத் தொடாமல் காலை லேசாக அழுத்தினால் முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளுவதுபோல வண்டி எழும்பும். அந்தத் தள்ளலுக்காகத்தான் இந்தக் காரை வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். செடான் என்று எல்லோரும் சொன்னாலும் இதன் டிக்கி பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே எழும். பின் சீட்டை மடித்தால் ஒரு வாஷிங் மெஷினே உள்ளே போகும். எங்கள் வீட்டு மெஷின் அப்படித்தான் வந்தது.

கணபதியில் ஒரு சந்து

கோயம்புத்தூரில் இப்படி ஒரு காரை வைத்திருப்பதற்கும் வேறு ஊரில் வைத்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஜி.டி. நாயுடு காலத்திலிருந்தே எந்திரத்தைத் திறந்து பார்க்கத் தயங்காத ஊர் இது. ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனின் ஊர். செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் 2003 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்கு நாலு லேத். கடையில் கிடைக்காத ஒரு புஷ்ஷை அளவு கொடுத்தால் சாயங்காலத்துக்குள் கடைந்து கொடுப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

என் மெக்கானிக்கின் பட்டறையும் கணபதியில் ஒரு சந்துக்குள்தான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் தம்பி. வண்டியை வாங்கிய வாரமே அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். டிரைவர் சொன்னதைச் சொன்னேன். அவர் எஞ்சினை ஓடவிட்டு, அரை முழ நீள ஸ்குரூ டிரைவரின் முனையை ஹெட்டில் ஓரிடத்தில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். நகர்த்தி வேறோர் இடத்தில் வைத்தார். மறுபடி கேட்டார்.

“தம்பி, சம்ப்ப எறக்கோணும். எறக்காம ஓட்டாதீங்க.”

மறுநாள் சம்ப்பை இறக்கினோம். உள்ளே அடியில் படிந்திருந்ததை இன்னும் மறக்கவில்லை. ஆயில் என்று சொல்ல முடியாது. தார் ரோடு போடும் இடத்தில் டின்னின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அப்படி ஒன்று. தினத்தாளை விரித்து பட்டைக் கத்தியால் வழித்து வழித்துப் போட்டார் பட்டறைப் பையன். ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றி வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார் அண்ணா. கண்களில் பாதிக்கு மேல் அடைந்திருந்தன. அந்தச் சல்லடை முழுதாக அடைந்திருந்தால் ஆயில் மேலே ஏறாது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. ஆயில் இல்லாமல் அது சில நொடிகூடத் தாங்காது. கேம் ஷாஃப்டும் பேரிங்கும் அதன் பின்னால் போகும். காலையில் சாவி திருப்பியதும் கேட்ட அந்த இரண்டு நொடிக் கடகடப்பு, ஆயில் பிரஷர் ஏறும்வரை இரண்டு கேம் ஷாஃப்டையும் இணைக்கும் சின்னச் செயினை இழுத்துப்பிடிக்க முடியாமல் டென்ஷனர் போட்ட சத்தம்.

புது சல்லடைக் குழாய், புது ஆயில் பம்ப், டீசலில் இரண்டு முறை கழுவிய சம்ப், 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயில். அதன் பிறகு 1,500 கிலோமீட்டரில் ஒரு தடவை, 4,000இல் இன்னொரு தடவை ஆயிலை மாற்றினோம், உள்ளே மிச்சமிருக்கும் பிசுக்கு கரைந்து வரட்டும் என்று. அன்றிலிருந்து இன்றுவரை 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். ஓனர் கையேடு அதைவிட அதிக தூரம் அனுமதிக்கிறது. ஆனால் அந்தக் கையேட்டை எழுதியவர்கள் மே மாதத்து அவினாசி ரோட்டில் சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் டர்போ எஞ்சினை மனதில் வைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை. நாலரை லிட்டர் ஆயிலும் ஒரு ஃபில்டரும் இந்தக் காருக்குச் செய்யும் செலவுகளிலேயே மிக மலிவானது. இதில் மிச்சம் பிடிப்பவரிடம் டர்போ வண்டி நிலைக்காது.

எஞ்சின் உள்ளே எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளே தெரியும் கேம் ஷாஃப்டைச் செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். தேன் நிறத்தில் மினுங்கினால் நல்ல வண்டி. கறுத்துப்போய்ப் பொருக்கு தட்டியிருந்தால், வண்டி பெயின்ட்டில் எவ்வளவு பளபளத்தாலும் யோசியுங்கள். நான்கு டயரும் நான்கு கம்பெனியாக இருந்தாலும் யோசியுங்கள். டயரில் கணக்குப் பார்த்தவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னும் அதிகமாகவே பார்த்திருப்பார்.

ஒரு ரப்பர் பட்டையை நம்பி

இந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் சேர்ப்பது பல் வெட்டிய ஒரு ரப்பர் பெல்ட். டைமிங் பெல்ட் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஓடும்போது அது அறுந்தால் திறந்திருக்கும் வால்வுகள் மீது பிஸ்டன் வந்து மோதும். இருபது வால்வு. எத்தனை வளைந்தது என்று ஹெட்டைக் கழற்றினால்தான் தெரியும். வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுழற்றுகிறது என்பதால், பம்பின் பேரிங் இறுகினாலும் பெல்ட் போய்விடும். ஆகவே பெல்ட் மாற்றும்போது டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெல்ட் மட்டும் போதும் என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வாங்கிய மாதமே ஒருமுறை மாற்றினேன். பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குப் பழைய சொந்தக்காரரிடம் பில் இல்லை. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு 1,48,000இல், அதன்பின் 2,16,000இல். மூன்று முறையும் அண்ணாவின் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் புள்ளிகளில் வெள்ளை பெயின்ட் வைப்பார். புதியதை மாட்டி, டென்ஷனரைச் சரிசெய்து, பிறகு ஸ்டார்ட்டர் பக்கமே போக மாட்டார். கிராங்க் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டுக் கையாலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுவார். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. புள்ளிகள் மறுபடி நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். அந்த இரண்டு சுற்று முடியும்வரை பட்டறையில் யாரும் பேச மாட்டார்கள். ரேடியோவைக்கூட அணைத்துவிடுவார்.

தொப்பூர்

இவ்வளவு சொல்லும் நானும் ஒரு முறை தள்ளிப்போட்டேன்.

2019 ஏப்ரலில் ஆயில் மாற்றப் போனபோது, ஹெட்டின் பக்கவாட்டில் கூலன்ட் குழாய் வந்து சேரும் பிளாஸ்டிக் ஃபிளாஞ்சைக் காட்டி, “இது பதினஞ்சு வருச பிளாஸ்டிக்குங்க தம்பி, உப்புப் பூத்திருக்குது, மாத்திரலாம்” என்றார் அண்ணா. ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான பொருள். கோவையில் ஸ்டாக் இல்லை, வர நான்கு நாளாகும் என்றார்கள். அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வந்துவிட்டேன்.

மே மாதம் ஒரு கல்யாணத்துக்காக பெங்களூரு கிளம்பினோம். பின்சீட்டில் அம்மாவும் மகளும். சேலம் தாண்டி தொப்பூர் கணவாய் ஏற்றம். மதியம் ஒரு மணி வெயில், ஏ.சி. முழு வேகத்தில், முன்னால் இரும்பு ஏற்றிய லாரிகளின் வரிசை. டெம்பரேச்சர் முள் எப்போதும் நிற்கும் 90இலிருந்து நகர்ந்ததைப் பார்த்தேன்.

ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துக் கார்களை ஓட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அந்த முள் உண்மையான சூட்டை அப்படியே காட்டுவதில்லை. கூலன்ட்டின் சூடு 75 டிகிரி சுமாரில் இருந்தாலும் 105ஐத் தொட்டாலும் முள் 90இலேயே அசையாமல் நிற்கும். சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தைக் கண்டு ஓட்டுபவர் பதற வேண்டாம் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே முள் 90ஐத் தாண்டி அசைந்துவிட்டது என்றால், எச்சரிக்கைக்கான நேரம் முடிந்துவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம் என்பதற்கு அங்கே இடமில்லை.

ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிட்டு, அடுத்து கிடைத்த அகலமான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ஐம்பது மீட்டருக்குள்தான் இருக்கும். பானட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. ஃபிளாஞ்சின் கீழிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் கூலன்ட் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவையும் மகளையும் இறக்கி, சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார வைத்தேன். அந்தச் சாலையில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்பது அந்தப் பக்கம் போகிற எல்லோருக்கும் தெரியும். நாற்பது நிமிடம் லாரிகள் எங்களை உரசிப் போய்க்கொண்டிருந்தன. ஃபிளாட்பெட் வண்டி சேலத்திலிருந்து வந்து சேரும்வரை என் மகள் என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. நான்கு நாள் காத்திருந்து ஒரு பிளாஸ்டிக் துண்டை மாற்றியிருந்தால் அவளுக்கு அந்த மதியம் நேர்ந்திருக்காது.

வண்டி கணபதிக்கு வந்ததும் அண்ணா என்னைத் திட்டவில்லை. ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக கம்ப்ரெஷன் எடுத்தார். நான்கு சிலிண்டரும் சமமாக வந்தது. “ஒடனே ஆஃப் பண்ணுனீங்க பாருங்க, அதுல தப்பிச்சீங்க” என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் அந்த எஞ்சினில் இருந்த எல்லா பிளாஸ்டிக் கூலன்ட் இணைப்புகளையும், தெர்மோஸ்டாட்டையும், ரப்பர் ஹோஸ்களையும் மொத்தமாக மாற்றினோம். 19,000 ரூபாய் ஆனது. அதன் பிறகு தொப்பூரில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். ஏறும்போதெல்லாம் முள்ளின் மேல் ஒரு கண் இருக்கும்.

வயதான டர்போ வண்டியில் உலோகம் சீக்கிரம் போவதில்லை. போவது ரப்பரும் பிளாஸ்டிக்கும். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு வாக்யூம் ஹோஸ் வெடித்தால் பிக்கப் பாதியாகிவிடும். டர்போ போய்விட்டது என்று சொல்லி ஒரு லட்ச ரூபாய் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் ஒரு பெரிய பட்டறையில் அப்படி ஒரு எஸ்டிமேட் கிடைத்தது. அண்ணா இன்டேக் பக்கம் புகையை ஊதிப் பார்த்தார். மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு மூலை ஹோஸிலிருந்து நூல் போலப் புகை வந்தது. அந்த ஹோஸின் விலை 180 ரூபாய்.

புதுப்பேட்டையிலிருந்து வரும் பார்சல்

இந்தக் காரின் உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிறது. பாகங்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. நான் நினைத்ததைவிட இது எளிதாகவே இருந்திருக்கிறது. இதன் அடிச்சட்டமும் எஞ்சினும் தனி இனம் இல்லை. அதே தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், ஆடி ஏ3, சியட் லியோன் எல்லாம் இதன் பங்காளிகள். வெளிநாடுகளில் லட்சக்கணக்கில் ஓடியவை. பாகத்தின் மேல் அச்சடித்த நம்பர் தெரிந்தால் போதும், துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வருகிற யாராவது ஒருவரின் சூட்கேஸில் அது வந்து சேர்ந்துவிடும். பிரேக், சஸ்பென்ஷன், கதவு, விளக்கு வேலைகளுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ஊரில் ஆயிரக்கணக்கில் ஓடிய 1.9 டீசல் ஆக்டேவியாவின் பாகங்களில் பெரும்பாலானவை இதற்கும் பொருந்தும். சென்னை புதுப்பேட்டையில் அவை இன்னும் கிடைக்கின்றன. கோவையில் உக்கடம் பக்கமும் தேடலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். கதவுக் கைப்பிடி, கண்ணாடி மோட்டார், சீட் ரயில், சுவிட்ச் எல்லாம் பழையது போதும். பிரேக், ஸ்டீரிங், பெல்ட், ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும் புதிதாக மட்டுமே வாங்குவேன். உயிர் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு நோட்டில் 2012 முதல் எல்லாவற்றையும் எழுதி வருகிறேன்: தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த காசு. ஆயில், பெல்ட், இரண்டு கிளட்ச், நான்கு செட் டயர், மூன்று பேட்டரி, முன்பக்கக் கை புஷ்கள் மூன்று முறை, டேம்பர் இரண்டு முறை, தொப்பூர் செலவு எல்லாம் சேர்த்து 1,68,000 கிலோமீட்டருக்கு 5 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். பெட்ரோலும் இன்சூரன்ஸும் சேராமல் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 30 காசு. இது குறைந்த தொகை இல்லை. ஒரு சிறிய புதுக் காரை அதிகாரபூர்வ சர்வீஸில் விட்டால் இதில் பாதிகூட ஆகாது. ஆனால் புதுக் கார் வாங்கியிருந்தால் இதே காலத்தில் அதன் மதிப்பில் நான் இழந்திருக்கக்கூடிய பணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் கார் இனி மதிப்பு இறங்க இடமில்லை. ஒழுங்காக வைத்திருக்கும் முதல் தலைமுறை ஆர்.எஸ்.ஸைத் தேடி இப்போது ஆட்கள் வருகிறார்கள். பின்னால் வந்த ஆர்.எஸ்.கள் எண்ணிக்கையில் குறைவு: 2020இல் இந்தியாவுக்கு 200 கார், 2025இல் 100 கார் என்றுதான் கொண்டுவந்தார்கள்.

வயதும் நிலையும்

2019இல் வண்டிக்குப் பதினைந்து வயது ஆனது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்தேன். 2024இல் மறுபடியும். இடையில் 2022 ஏப்ரலில் பதினைந்து வயது கடந்த கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணத்தை மத்திய அரசு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. 2025 ஆகஸ்டில் இருபது வயது கடந்தவற்றுக்கு 10,000 ஆக்கியது. டெல்லியில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. பெட்ரோல் காருக்குப் பதினைந்து, டீசலுக்குப் பத்து என்று வயதை வைத்தே கதவை அடைத்தார்கள். அதனால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு நல்ல வண்டிகள் தெற்கே வருகின்றன. விலை மலிவு என்று எடுப்பவர்கள் இங்கே கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

புகை கக்கும் வண்டி சாலையில் ஓடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் மகள் மூச்சு விடுவதும் அதே காற்றைத்தான். ஆனால் 21 வயது வண்டி எப்படி இருக்கிறது என்பதைக் குழாயில் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும், பிரேக்கை உருளையில் ஏற்றிப் பார்க்க வேண்டும், அடிச்சட்டத்தில் துருவைத் தட்டிப் பார்க்க வேண்டும். என் எஃப்.சி. இரண்டு முறையும் பத்து நிமிடத்தில் முடிந்தது. சேசிஸ் நம்பரை அழுத்தி எடுத்தார்கள், விளக்கைப் போடச் சொன்னார்கள். வண்டியின் அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் அந்தப் பரிசோதனையை உயர்த்தியிருக்க வேண்டும். நல்ல பழைய வண்டியும் மோசமான பழைய வண்டியும் ஒரே தொகையைக் கட்டி ஒரே முத்திரையோடு வெளியே வருவது சரியில்லை.

பெட்ரோலில் இன்னொரு கவலை. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 இப்போது எல்லா பங்குகளிலும் வந்துவிட்டது. 2004இல் செய்த வண்டியை யாரும் அதற்காக வடிவமைக்கவில்லை. பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. நான் பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன். வண்டியைப் பத்து நாளுக்கு மேல் ஓட்டாமல் விடுவதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிறுத்தியே வைத்தால் டேங்க்கில் தண்ணீர் சேரும். மைலேஜ் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் போலக் குறைந்திருக்கிறது. எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பழைய வண்டிக்காரர்களுக்கும் விட்டிருக்கலாம்.

போன வாரம் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி பவானி வரை தனியாகப் போய்வந்தேன். பெருந்துறை தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. நான்குவழிச் சாலையில் அனுமதித்த 100இல் ஐந்தாவது கியர், 2,700 சுற்றுக்குப் பக்கம் முள். ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வைத்திருந்தேன். பின்பக்கத்திலிருந்து, மேடு பள்ளத்தில் மட்டும், டொக் என்று ஒரு சின்னச் சத்தம். போன மாதம் இல்லாதது.

மறுநாள் கணபதியில் அண்ணாவின் மகன்தான் வண்டிக்கு அடியில் போனான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு அப்பாவோடு வேலை பார்க்கிறான். கையில் ஸ்கேனர் இருந்தாலும் பெல்ட்டில் செருகியிருப்பது அந்த நீள ஸ்குரூ டிரைவர்தான். கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்து, “பின் ஆக்சில் புஷ்ஷுங்கண்ணா, ரப்பர் கிழிஞ்சிருக்குது” என்றான். அப்பாவைப் பார்த்தான். அவர் குனிந்து பார்த்துத் தலையசைத்தார்.

இந்த முறை தள்ளிப்போடவில்லை. புதுப்பேட்டைக் கடைக்காரரிடம் நம்பர் சொல்லி, புதிய ஜோடிதான் வேண்டும் என்று கேட்டிருந்தேன். நேற்று ஆம்னி பஸ் பார்சலில் வந்தது, சாக்குத் துணியில் சுற்றி, மேலே ஸ்கெட்ச் பேனாவில் வண்டி நம்பர் எழுதி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.